உறவு தேடினோம், ஏட்டைப் படிக்கவில்லை: துருக்கிய மொழிநூல் படிப்பும் தமிழ்நாடும்

தமிழில் இன்று துருக்கி எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’, ‘பனி’ ஆகியவை ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் பரவலாகப் படிக்கப்பட்டன. அகமத் ஹம்தி தன்பினாரின் ‘நிச்சலனம்’ வந்திருக்கிறது. நாஜிம் ஹிக்மத் கவிதைகள் இடதுசாரி இதழ்களின் வழியே நமக்குப் பழக்கமானவை. துருக்கிய இனத்தவரான கிர்கீசியரின் கதைகள் அதற்கும் முன்பே, சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வாகச் சோவியத் வெளியீடுகளில் வந்து சேர்ந்துவிட்டன. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் சுற்றும் ஒரு கல்லூரி மாணவர் இவற்றில் ஒன்றை வாங்கிப் படித்துவிட்டு, இதற்குப் பின்னால் இருக்கும் பழைய இலக்கியத்தை மூல மொழியில் படிக்க வேண்டும், அதில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெற வேண்டும் என்று ஆசைப்பட்டால் அவருக்கு என்ன வழி? அந்தத் துறையில் இதுவரை என்ன நடந்திருக்கிறது, தமிழ்நாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு, தமிழ் படித்தவருக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரை.

கேள்வி நினைப்பதுபோல் அந்நியமானது அன்று. துருக்கிய மொழிகள் என்ற பெயர் தமிழ் ஆய்வுலகில் 1856 முதல் புழங்குகிறது. பாபரின் தாய்மொழியான சகதாய்த் துருக்கியில் புலமை பெற்ற ஒருவர் சென்னையில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து இங்கேயே இறந்திருக்கிறார். ஆனாலும் துருக்கிய மொழிகளை நாம் பெரும்பாலும் ஒரே நோக்கத்தோடுதான் அணுகினோம்: தமிழுக்கு அவை சொந்தமா என்று பார்க்க. அந்தக் கேள்விக்கு நாம் விரும்பிய விடை கிடைக்கவில்லை. அதோடு அக்கறையும் போய்விட்டது. நூல்களைப் படிக்கும் வேலை தொடங்கவே இல்லை.

கால்டுவெல் போட்ட பாதை

திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் இருந்துகொண்டு இராபர்ட் கால்டுவெல் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. அதன் விரிந்த இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. தமிழும் அதன் உறவு மொழிகளும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்ற நிலைநாட்டல்தான் அந்நூலில் நாம் நினைவில் வைத்திருப்பது. அதே நூலின் மற்றொரு பாதியை நாம் மறந்துவிட்டோம். சமஸ்கிருதம் இல்லையென்றால் வேறு யார் உறவினர் என்ற கேள்விக்குக் கால்டுவெல் ‘சித்தியக் குடும்பம்’ என்று பதில் சொன்னார். பின்னிஷ், துருக்கி, மங்கோலியம், துங்குசியம் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டிய பெயர் அது. டென்மார்க்கு நாட்டவரான ராஸ்க் முன்பே சுட்டியிருந்த கருத்துத்தான். மாக்ஸ் முல்லரும் 1854-இல் ‘துரானிய’ மொழிகள் என்று ஒரு பெருங்குடும்பம் வகுத்து, திராவிடத்தை அதில் அடக்கியிருந்தார்.

கால்டுவெல் காட்டிய சான்றுகள் இலக்கண அமைப்பைச் சார்ந்தவை. உருபுகள் பெயருக்குப் பின்னால் ஒட்டுகின்றன. ‘எவன், எது’ என்று தொடங்கும் இணைப்புச் சொல்லுக்குப் பதிலாகப் பெயரெச்சம் வருகிறது. வினைமுற்று இறுதியில் நிற்கிறது. இவற்றோடு பாரசீகத்தின் பெஹிஸ்துன் பாறையில் இருந்த மும்மொழிக் கல்வெட்டின் இரண்டாம் பகுதியையும் அவர் துணைக்கு அழைத்தார். எட்வின் நோரிஸ் அதை அப்போதுதான் ‘சித்திய’ மொழி என்று சொல்லி வெளியிட்டிருந்தார். பிற்காலத்தில் அது ஈலம் நாட்டு மொழி என்று தெளிவானது. அதற்கும் துருக்கிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இங்கே ஒரு கால வரிசையைக் கவனிக்க வேண்டும். கால்டுவெல் 1891-இல் காலமானார். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் நிற்கும் துருக்கியக் கல்வெட்டுகளை வில்ஹெல்ம் தாம்சன் படித்துக் காட்டியது 1893-இல். குல் திகின், பில்கே ககான் ஆகியோரின் நினைவுக் கற்கள் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. துருக்கிய மொழிகளின் பழைய வடிவம் முதன்முதலாக அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு, 1894-இல், உ.வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு வந்தது. அதாவது இரு பக்கத்துப் பழம்பனுவல்களும் கண்ணுக்குப் படாத காலத்தில் செய்யப்பட்ட ஒப்பீடு கால்டுவெல்லுடையது. அவர் கையில் இருந்தவை பிற்காலத் துருக்கியும் பிற்காலத் தமிழும். குறை அவருடையது அன்று. பழைய நூல்கள் கிடைத்த பிறகும் அவருடைய கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் குறை.

உறவுக் கேள்வியின் இன்றைய நிலை

இருபதாம் நூற்றாண்டில் இந்த விவாதம் பல கைகளுக்கு மாறியது. தாமஸ் பர்ரோ 1940-களில் திராவிட உடலுறுப்புப் பெயர்களை யூராலிய மொழிகளோடு ஒப்பிட்டார். ஸ்டீபன் டைலர் 1968-இல் அதே திசையில் சொற்பட்டியல் தந்தார். துருக்கிய மொழிகளில் ஆழ்ந்த பயிற்சி பெற்ற கார்ல் மெங்கெஸ் 1964-இல் திராவிடத்தையும் அல்தாயிய மொழிகளையும் நேரடியாக இணைத்து எழுதினார். பிராகு நகரத்துத் தமிழறிஞர் யாரோஸ்லாவ் வாசெக் தமிழ்ச் சொற்களையும் மங்கோலியச் சொற்களையும் பல்லாண்டுகள் வரிசைப்படுத்தினார். இல்லிச்-ஸ்வித்திச் முதலிய உருசிய அறிஞர்கள் திராவிடம், அல்தாயியம், யூராலியம், இந்தோ-ஐரோப்பியம் எல்லாவற்றையும் ‘நோஸ்திராத்திக்’ என்ற ஒரே மூலத்தில் அடக்கினார்கள்.

தீர்ப்பு இவர்களுக்குச் சாதகமாக இல்லை. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய பெருநூல், திராவிடத்துக்கு வெளிக்குடும்பத்தோடு எந்த உறவும் நிறுவப்படவில்லை என்ற நிலையையே எடுக்கிறது. மறுபக்கம் இன்னும் சிக்கலானது. துருக்கியம், மங்கோலியம், துங்குசியம் மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகளா என்பதே துருக்கியவியலில் தீராத வழக்கு. ஜெரார்டு கிளாசன் 1956-இல் அதை மறுத்து எழுதினார். கெர்ஹார்டு டெர்ஃபர் அந்த ஒற்றுமைகளைக் கடன் வாங்கல் என்றே விளக்கினார். 2003-இல் ஸ்தாரோஸ்தினும் தோழர்களும் வெளியிட்ட அல்தாயிய வேர்ச்சொல் அகராதியும் கடும் மறுப்பைச் சந்தித்தது. ஒரு குடும்பம் இருக்கிறதா என்பதே ஐயமாக இருக்கும்போது அதனோடு சம்பந்தம் பேசுவது எப்படி?

மொழிப்பற்று ஆய்வை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கும் இரு பக்கமும் சான்று உண்டு. துருக்கிக் குடியரசில் 1930-களில் ‘சூரிய மொழிக் கோட்பாடு’ அரசு ஆதரவோடு எழுந்தது. உலக மொழிகளெல்லாம் துருக்கியிலிருந்து கிளைத்தவை என்பது அதன் சாரம். 1936-இல் நடந்த மொழி மாநாட்டில் அது கோலோச்சியது. சில ஆண்டுகளில் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் 1961 வரை பணியாற்றிய தேவநேயப் பாவாணர், தமிழே உலக முதன்மொழி என்ற கருத்தை வாழ்நாள் முழுவதும் வளர்த்தார். பாவாணரின் சொற்செல்வம் அபாரமானது. அவருடைய தமிழ்ச் சொல் விளக்கங்களில் பயனுள்ளவை ஏராளம். ஆனால் எல்லா மொழியும் நம்முடையதிலிருந்து வந்தது என்று முடிவு செய்துகொண்டவருக்குப் பிறமொழி நூலைப் படிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. இஸ்தான்புல்லிலும் சரி, சிதம்பரத்திலும் சரி, இந்தப் பார்வை அயல்மொழிப் படிப்புக்கு இடமில்லாமல் செய்தது.

உறவில்லாத நெருக்கம்

உறவு நிறுவப்படாவிட்டாலும் ஒற்றுமை பொய்யாகிவிடாது. துருக்கி படிக்கத் தொடங்கும் ஐரோப்பிய மாணவர் முதல் ஆண்டில் திணறும் இடங்களில் தமிழ் மாணவருக்குத் தடையே இருக்காது. ‘எவ்’ என்றால் வீடு. ‘எவ்லெர்’ வீடுகள். ‘எவ்லெரிமிஸ்தென்’ எங்கள் வீடுகளிலிருந்து. ‘ஒகுதூம் கிதாப்’ என்றால் நான் படித்த புத்தகம். நம் பெயரெச்சம்போலவே வினை முன்னால் வந்து பெயரைத் தழுவுகிறது. பிறர் கூற்றை எடுத்துச் சொல்ல நாம் ‘என்’ என்னும் வினையிலிருந்து ‘என்று’ ஆக்கிக்கொண்டதுபோல், துருக்கியும் ‘சொல்’ என்னும் பொருள் தரும் வினையிலிருந்து ‘தியே’ என்ற இடைச்சொல்லை ஆக்கிக்கொண்டது.

சகதாயின் இன்றைய வாரிசான உஸ்பெக் மொழியில் நெருக்கம் இன்னும் கூடுகிறது. ‘யோஸிப் கோய்தி’ என்பது சொல்லுக்குச் சொல் ‘எழுதி வைத்தான்’. ‘யெப் கொர்தி’ என்பது ‘தின்று பார்த்தான்’. ‘பார்’ என்ற வினை முயன்று பார்த்தலைக் குறிக்கும் துணைவினையாவதும், ‘வை’ என்பது செய்து முடித்த நிலையைக் குறிப்பதும் நமக்கு விளக்கம் தேவைப்படாத சங்கதிகள். காலின் மசிகா 1976-இல் எழுதிய ஆய்வு இதற்கு ஒரு சட்டகம் தந்தது. வினையெச்சத் தொடர், துணைவினை, பிறவினை போன்ற கூறுகளை வரைபடத்தில் குறித்துச் சென்றால் அவை இந்திய எல்லையில் நிற்பதில்லை, நடு ஆசியா வழியாக வடக்கே நீள்கின்றன என்று அவர் காட்டினார். இரத்த உறவு இல்லாமலேயே ஒரு பெருநிலப்பரப்பின் மொழிகள் ஒன்றுபோல் பேசக் கற்கும் என்பது அதன் பொருள். கால்டுவெல் கண்ட ஒற்றுமைகளில் பலவும் இதில் அடங்கிவிடுகின்றன.

வேற்றுமைகளும் முக்கியம். துருக்கியில் உயிரிசைவு உண்டு: ‘எவ்’ என்பதற்கு ‘லெர்’, ‘அத்’ (குதிரை) என்பதற்கு ‘லார்’ என்று விகுதியின் உயிர் பகுதியைப் பார்த்து மாறும். திணை பால் பாகுபாடு கிடையாது. ‘ஒ’ என்ற ஒரே சொல் அவன், அவள், அது மூன்றுக்கும் நிற்கும். இந்தச் சிறு இலக்கண வேறுபாடு இலக்கியத்தில் எவ்வளவு பெரிதாகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சென்னையில் வாழ்ந்த துருக்கி

உறவுக் கேள்வியின் ஆரவாரத்தில் கண்டுகொள்ளப்படாமல் போன வரலாறு ஒன்று ஆற்காட்டு நவாபின் அரண்மனை இருந்த சேப்பாக்கத்தில் இருக்கிறது. மிர்சா அலீ பக்த் ‘அஸ்ஃபரி’ 1758 வாக்கில் டில்லிச் செங்கோட்டைக்குள் பிறந்த மொகலாய இளவரசர். அரியணைக்குப் போட்டியாகிவிடக் கூடாது என்று கோட்டைக்குள்ளேயே அடைத்து வைக்கப்பட்ட அரச குலத்தவரில் ஒருவர். 1788-இல் குலாம் காதிர் என்ற ரோகில்லாத் தலைவன் கோட்டையைப் பிடித்து, பேரரசர் ஷா ஆலமின் கண்களைப் பறித்தான். அந்தக் குழப்பத்தை அடுத்து அஸ்ஃபரி தப்பி, இராஜபுதனம், லக்னோ, வங்காளம் என்று அலைந்து, 1797-98 வாக்கில் ஆற்காட்டு நவாபின் ஆதரவை நாடிச் சென்னைக்கு வந்தார். அப்போது நவாபாக இருந்தவர் உம்தத்துல் உமரா. 1818 வாக்கில் அஸ்ஃபரி சென்னையிலேயே இறந்தார்.

பாபரின் தாய்மொழியான சகதாய்த் துருக்கியை அவர் வம்சத்தார் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை என்பதற்கு அஸ்ஃபரி சாட்சி. துருக்கிச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். ‘காலிக் பாரீ’ என்ற புகழ்பெற்ற செய்யுள் சொற்கோவையின் மாதிரியில் துருக்கிக்கும் ஒரு செய்யுள் சொற்கோவை செய்தார். நம் நிகண்டு மரபு தெரிந்தவர்களுக்கு அந்த முறை எளிதில் விளங்கும். ஹெராத் நகரத்துப் பெருங்கவி அலீ ஷீர் நவாயியின் ‘மஹ்பூபுல் குலூப்’ என்ற துருக்கி நூலைப் பாரசீகத்தில் பெயர்த்தார். பாரசீகத்தில் தன் வரலாறும் எழுதினார். அந்தத் தன்வரலாற்றின் உருது மொழிபெயர்ப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1937-இல் வெளியிட்டது. பாரசீக மூலம் 1957-இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் வரிசையில் வந்தது. அண்மைக் காலத்தில் முஸாஃபர் ஆலமும் சஞ்சய் சுப்ரமணியமும் அதை அரசியல் சிந்தனை வரலாறாக வாசித்து எழுதியிருக்கிறார்கள். அவருடைய துருக்கிப் பணியைத் தமிழ்நாட்டவர் ஒருவர் எடுத்து ஆராய வேண்டியது பாக்கி நிற்கிறது. நெய்வேலி அன்றைய தென்னாற்காட்டு நிலம். நவாபின் ஆளுகையில் இருந்த சீமை. அஸ்ஃபரி நாடி வந்த ஆதரவு அந்த நவாபுகளுடையது. 1801-இல் கம்பெனி ஆட்சியை எடுத்துக்கொண்டது.

இந்தியாவின் மற்ற இடங்களில் இருக்கும் செல்வம் இன்னும் பெரிது. பாபரின் நாட்குறிப்பான ‘பாபர்நாமா’வின் துருக்கி மூலத்துக்குச் சிறந்த படி ஐதராபாத்தில் சாலார் ஜங் தொகுப்பில் கிடைத்தது. அனெட் பெவரிட்ஜ் அதை 1905-இல் ஒளியச்சாக வெளியிட்டார். உதுமானியக் கவிதை வரலாற்றை ஆறு தொகுதிகளில் எழுதிய கிப்பின் நினைவாகத் தொடங்கிய வரிசையில் முதல் நூல் அதுதான். பாபரின் துருக்கிக் கவிதைகள் அடங்கிய ஏடு ராம்பூர் ராசா நூலகத்தில் இருக்கிறது. பாபரின் சொந்தக் கையெழுத்தும், அது அவர் கையெழுத்தே என்று ஷாஜகான் எழுதிய குறிப்பும் அதில் உண்டு. டெனிசன் ராஸ் 1910-இல் அதைக் கல்கத்தாவிலிருந்து வெளியிட்டார். அக்பரின் காப்பாளர் பைராம் கானின் துருக்கிக் கவிதைகளும் அதே ஆண்டு அவர் பதிப்பில் வந்தன. துருக்கியவியல் படிக்க வெளிநாடு போக வேண்டும் என்பது பாதி உண்மை. மூல ஏடுகளில் சில, இரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கின்றன.

துறைக்குள் என்ன இருக்கிறது

முதுகலை நிலையில் இப்படிப்பு பொதுவாக ஐந்து படிகளாகப் பிரியும். முதலாவது, ஓர்கோன் கல்வெட்டுகளும் உய்குர் பௌத்த, மானிகேய ஏடுகளும் அடங்கிய பழந்துருக்கி. இரண்டாவது, பதினோராம் நூற்றாண்டின் கரகானியத் துருக்கி. மூன்றாவது, குவாரசம், கிப்சாக்கு வழக்குகள். நான்காவது, நவாயி, பாபர் ஆகியோரின் சகதாய். ஐந்தாவது, அனத்தோலியாவில் வளர்ந்து உதுமானியமாக மலர்ந்த மேற்குத் துருக்கி. தலாத் தெகினின் ஓர்கோன் இலக்கணம் (1968), கிளாசனின் பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு முந்தைய சொற்களின் வேர்ச்சொல் அகராதி (1972), மார்செல் எர்தாலின் பழந்துருக்கி இலக்கணம் (2004), எக்மனின் சகதாய்க் கையேடு (1966) ஆகியவை மாணவர் மேசையில் நிற்கும் கருவி நூல்கள்.

இரண்டாம் படியின் இரு நூல்கள் தமிழருக்குத் தனிச் சுவை தரக்கூடியவை. யூசுப் காஸ் ஹாஜிபின் ‘குதத்கு பிலிக்’ 1069-70-இல் இயற்றப்பட்டது. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஈரடிகளால் ஆன அரச அறநூல். நீதி, நற்பேறு, அறிவு, துறவு மனம் ஆகிய நான்கும் அரசன், அமைச்சன் முதலிய பாத்திரங்களாகி உரையாடுகின்றன. மூன்றே கைப்படிகள் எஞ்சின: இன்று வியன்னா, கெய்ரோ, தாஷ்கெந்து ஆகிய இடங்களில் இருக்கின்றன. அவற்றை ஒப்புநோக்கி ரஷீத் ரஹ்மதி அராத் 1947-இல் திறனாய்வுப் பதிப்பு வெளியிட்டார். மற்றது காஷ்கர் நகரத்து மஹ்மூது 1070-களில் அரபியில் எழுதிய துருக்கி அகராதி. துருக்கிய இனக்குழுக்களிடையே திரிந்து பழமொழி, பாட்டு, வட்டார வழக்கு எல்லாவற்றையும் சேர்த்த நூல். இதற்கு 1266-இல் எழுதிய ஒரே ஒரு படிதான் உலகில் உண்டு. இஸ்தான்புல்லில் பழம்புத்தகக் கடையொன்றில் அலீ எமீரி என்ற நூல் சேகரிப்பாளர் அதை வாங்கினார். 1915-17-இல் அச்சேறியது. உ.வே.சா.வின் ஏட்டுத் தேடலைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கதையின் அருமை சொல்லாமலே தெரியும்.

நவாயி 1499-இல் எழுதிய ‘முஹாகமத்துல் லுகதைன்’, பாரசீகத்தையும் துருக்கியையும் நிறுத்துப் பார்த்துத் துருக்கியே வளமானது என்று வாதாடும் நூல். பாரசீகத்தில் ஈடில்லாத நூறு துருக்கி வினைகளை அவர் அடுக்குகிறார். அப்படி வாதாடியவர் பாரசீகத்திலும் தேர்ந்த கவி என்பதே அந்த வாதத்துக்கு எடை கூட்டுகிறது. வடமொழியோடு தமிழ் நடத்திய நீண்ட வழக்கின் ஏடுகளோடு இந்நூலைப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தமிழறிந்தவரே பொருத்தமானவர்.

உதுமானியக் கவிதையும் அகத்திணைக் கண்ணும்

உதுமானிய இலக்கியத்தைப் பற்றிய பெரிய வழக்கு, அது பாரசீகத்தின் நகலா என்பது. கிப் தம் வரலாற்றில் (1900-1909) ஏறக்குறைய அப்படித்தான் தீர்ப்பளித்தார். அவர் 1901-இல் இறந்துவிட, எஞ்சிய தொகுதிகளை எட்வர்டு பிரவுன் வெளிக்கொணர்ந்தார். குடியரசு பிறந்த பின் துருக்கியரே இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டார்கள். 1928 நவம்பரில் அரபி எழுத்து போய் இலத்தீன் எழுத்து வந்தது. 1932-இல் தொடங்கிய மொழிக் கழகம் அரபி, பாரசீகச் சொற்களைக் களைந்தது. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தோடு இதை ஒப்பிடுவது இயல்பு. ஆனால் விளைவு ஒன்றல்ல. நம் எழுத்து மாறவில்லை, பழைய நூலுக்கும் நமக்கும் உள்ள வழி அடைபடவில்லை. துருக்கியில் பாட்டனின் கல்லறை வாசகத்தைப் பேரன் படிக்க முடியாமல் போயிற்று. அதாதுர்க் 1927-இல் ஆற்றிய பேருரையே பிற்காலத் தலைமுறைக்காக எளிய துருக்கியில் திரும்ப எழுதப்பட்டது. ஜெப்ரி லூயிஸ் 1999-இல் எழுதிய நூல் இந்தச் சீர்திருத்தத்தின் வெற்றியையே பேரழிவு என்று கணித்தது.

பழைய கவிதைக்காக வாதாடியவர்களும் உண்டு. புவாத் கொப்ருலு 1918-இலேயே நாட்டுப்புறச் சூஃபி மரபிலிருந்து துருக்கி இலக்கியத்தின் தொடர்ச்சியைக் கட்டிக் காட்டினார். வால்டர் ஆண்ட்ரூஸ் 1985-இல், கஜலின் மரபுவழிக் கூறுகள் வெற்று அலங்காரம் அல்ல, அரண்மனை, ஞானம், காதல் மூன்றையும் ஒரே சொல்லால் பேசும் சமூக மொழி என்று நிறுவினார். ஷெய்க் காலிப் 1782-83-இல் இயற்றிய ‘ஹுஸ்ன் வ அஷ்க்’ காப்பியத்தை எடுத்துக்கொண்டு விக்டோரியா ஹோல்புரூக் 1994-இல் அதே வாதத்தை முன்னெடுத்தார்.

தமிழ் வாசகருக்கு இந்த விவாதத்தில் ஒரு சலுகை இருக்கிறது. காதலன், காதலி, போட்டிக்காரன், போலித் துறவி என்று பெயரில்லாப் பாத்திரங்கள் திரும்பத் திரும்ப வருவதும், ரோஜாவும் புல்புல் பறவையும் ஓயாது தோன்றுவதும் கிப்புக்குக் கற்பனை வறட்சியாகப் பட்டன. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பரத்தை என்று பெயர் சுட்டாத பாத்திரங்களோடும், குறிஞ்சியும் நெய்தலுமாக வகுத்த கருப்பொருளோடும் வளர்ந்த அகமரபு நம்முடையது. மரபு என்பது கவிஞனைக் கட்டும் கயிறு மட்டுமன்று, அவன் நுட்பத்தை அளக்கும் அளவுகோலும்கூட என்பது சங்கப் பாட்டு படித்தவருக்குத் தெரியும். கஜல் கவிஞர்களான ஃபுஸூலியையும் பாகியையும் நெதீமையும் அந்தக் கண்ணோடு படிக்கலாம்.

யாப்பும் அப்படித்தான். அரபி-பாரசீக ‘அரூஸ்’ குறில் நெடில் அளவில் நடப்பது. துருக்கிச் சொற்களில் நெடில் அரிது. ஆகவே கவிஞர்கள் குறிலை நீட்டியும் நெடிலைக் குறுக்கியும் சமாளித்தார்கள். அது பெரும் விவாதப் பொருளானது. நேர், நிரை என்று அசை பிரித்துப் பழகிய காதுக்கு அரூஸின் கணக்கு எளிதில் பிடிபடும். இஸ்லாம் வந்து சேர்ந்தபோது இரு மொழிகளும் வெவ்வேறு வழி சென்றதும் ஆய்வுக்கு உரியது. உதுமானியர் பாரசீக யாப்பையே எடுத்துக்கொண்டார்கள். தமிழ் முஸ்லிம் புலவர்கள் மசலா, நாமா, கிஸ்ஸா, முனாஜாத்து என்று வகைகளின் பெயரை எடுத்துக்கொண்டு யாப்பைத் தமிழாகவே வைத்துக்கொண்டார்கள். 1572-இன் ‘ஆயிர மசலா’வும் பின்னர் வந்த சீறாப்புராணமும் விருத்தத்தில் நடக்கின்றன. ரோனித் ரிச்சி 2011-இல் தமிழ், மலாய், சாவக மொழிகளுக்கு இந்த ஒப்பீட்டைச் செய்துவிட்டார். துருக்கிக்குச் செய்யலாம்.

முன்னே சொன்ன பால் காட்டாத ‘ஒ’ இங்கே வந்து நிற்கிறது. கஜலின் காதலுக்குரியவர் ஆணா, பெண்ணா, அரசரா, இறைவனா என்று துருக்கி இலக்கணம் சொல்லாது. கவிதை உயிர்வாழ்வதே அந்த மயக்கத்தில்தான். தமிழில் பெயர்ப்பவர் வினைமுற்று வரும்போதே அவன், அவள், அவர் என்று தெரிந்தெடுத்தாக வேண்டும். முன்னிலையில் ‘நீ’ என்று திருப்பிவிடுவது ஒரு வழி. வினைமுற்றைத் தவிர்த்துப் பெயரெச்சமாகவே அடுக்குவது இன்னொரு வழி. ஆங்கிலம் வழியாக வரும் மொழிபெயர்ப்பில் இந்தத் தேர்வை ஆங்கில மொழிபெயர்ப்பாளர் நமக்காக முன்பே செய்துவிடுகிறார். மூலத்திலிருந்து நேரே வர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

நெய்வேலியிலிருந்து செல்லும் வழி

நடைமுறைக்கு வருவோம். இந்த நகரியத்தில் பிள்ளைகளின் படிப்பு பொறியியலை நோக்கிச் சாய்வது இயல்பு. ஊரே சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் சுற்றி எழுந்தது. ‘துருக்கி படிச்சு என்ன பண்ணப் போறே?’ என்ற கேள்வி வீட்டில் வரத்தான் செய்யும். நேர்மையான பதில்: வேலை குறைவு, போட்டியும் குறைவு. ஆசிரியப் பணி, சுவடி நூலகப் பணி, மொழிபெயர்ப்பு ஆகியவையே வாய்ப்புகள். நவீனத் துருக்கி நன்றாக வந்தால் வணிக, தூதரக மொழிபெயர்ப்பும் கைகொடுக்கும்.

அடித்தளம் பக்கத்திலேயே போடலாம். தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும் ச. அகத்தியலிங்கமும் வளர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் உயராய்வு மையம் விளக்கமுறை இலக்கணத்தில் நல்ல பயிற்சி தந்த இடம். மொழியியலில் முதுகலை முடித்தவர் துருக்கிய இலக்கண நூல்களைப் பிறர் துணையின்றிப் படிக்க முடியும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரபி, பாரசீகம், உருதுத் துறை இருக்கிறது. பாரசீகத்தை அங்கே தொடங்கலாம். கடலூர்க் கரையில் பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் அரபி எழுத்தும் அரபுத்தமிழும் வீட்டுப் படிப்பாகவே வளர்ந்தவை. அங்கிருந்து வரும் மாணவருக்குப் பழைய துருக்கி எழுத்தின் பாதிச் சுமை முன்பே குறைந்துவிடுகிறது. டில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் துருக்கி மொழியும் இலக்கியமும் கற்பிக்கிறார்கள். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பாரசீக, மத்திய ஆசிய ஆய்வு மையம் உண்டு.

துருக்கி அரசின் ‘துர்க்கியே புர்ஸ்லாரி’ உதவித்தொகை 2012 முதல் இப்பெயரில் இயங்குகிறது. கல்விக் கட்டணம், மாதப் படி, தங்குமிடம், விமானச் சீட்டு ஆகியவற்றோடு ஓராண்டு மொழிப் பயிற்சியும் தருகிறது. கொப்ருலு 1924-இல் நிறுவிய துருக்கியவியல் நிறுவனம் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்காராப் பல்கலைக்கழகத்தின் மொழி, வரலாறு, புவியியல் புலம் 1935-இல் தொடங்கியது. அமெரிக்காவில் இந்தியானா, சுவீடனில் உப்சாலா, அங்கேரியில் செகெத் ஆகியவை நடு ஆசியப் பக்கத்துக்குப் பெயர்பெற்றவை.

மொழிச்சுமை பற்றி மாயை வேண்டாம். நவீனத் துருக்கி, பழைய எழுத்து, பாரசீகம், தேவையான அளவு அரபி. இவற்றோடு ஆய்வு நூல்களுக்காக ஜெர்மனும் உருசியமும். துருக்கியவியல் அறிஞர் ராத்லோஃப் முதல் 1969-இன் லெனின்கிராடு பழந்துருக்கி அகராதி வரை துறையின் பெரும்பங்கு உருசியத்தில் கிடக்கிறது. முதல் அனல்மின் நிலையத்தைக் கட்ட வந்த சோவியத் பொறியாளர்களோடு நெய்வேலி ஒரு காலத்தில் அந்த மொழியைக் காதால் கேட்டிருக்கிறது. படிக்கக் கற்றால் இத்துறைக்கு அது பெரிய சொத்து.

தமிழருக்கான பணி

மூன்று ஆய்வுப் பொருள்கள் தமிழ் மாணவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. சகதாய்த் துணைவினைகளையும் தமிழ்த் துணைவினைகளையும் நூற்றாண்டு வாரியாக, பழம்பனுவல் சான்றோடு ஒப்பிடுவது முதலாவது. மசிகா விட்ட இடத்திலிருந்து காலப் பரிமாணத்தைச் சேர்ப்பது அது. இஸ்லாமியத் தமிழ் வகைமைகளையும் உதுமானிய வகைமைகளையும் பக்கத்தில் வைத்து, அயல் வடிவத்தை ஒரு மொழி எப்படித் தன்வயமாக்குகிறது என்று பார்ப்பது இரண்டாவது. அஸ்ஃபரியின் துருக்கிச் சொற்கோவைகளைப் பதிப்பித்து, சேப்பாக்கத்தில் துருக்கி எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று எழுதுவது மூன்றாவது. முதல் இரண்டையும் வேறு நாட்டவரும் செய்துவிட முடியும். மூன்றாவது நம் ஊர் வரலாறு. அதற்கு வேண்டிய பாரசீகத்தைச் சென்னையிலும் துருக்கியை டில்லியிலும் கற்றுக்கொள்ளலாம்.

இவற்றில் எதற்கும் தமிழும் துருக்கியும் அக்கா தங்கை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கிரேக்கத்தையும் சீனத்தையும் உலகம் படிப்பது சொந்தம் பாராட்டி அல்ல, அவற்றில் படிக்கத் தகுந்தவை இருப்பதால். கால்டுவெல்லின் நூல் நமக்குத் துருக்கிய மொழிகளின் பெயரைச் சொல்லித் தந்து நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அம்மொழிகளில் எழுதப்பட்டதை மூலத்தில் படித்துத் தமிழில் சொல்லும் ஒருவரையாவது ஒரு பல்கலைக்கழகம் ஆளாக்கினால், அந்த நூலின் இரண்டாம் பாதிக்கு நாம் செலுத்தும் உரிய மறுமொழி அதுவாக இருக்கும்.